தென்னைக்கு உப்பு

மலையாளச் சீமையின் எல்லையோரம் எருத்தேன்பதிப் பக்கம் போய், துணி கட்டற ராசம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். முன்னெல்லாம் கேட்டவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டு, "அக்கா, உங்களத் தேடி வந்திருக்காங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இப்போது கையை மட்டும் நீட்டுகிறார்கள். நீட்டின கையை இறக்குவதற்குள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த ஊருக்கு நடுத்தரமாக ஒன்றும் தெரியாது.

ராசம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் கந்தப்பன் முதலமடைக்கு மாங்காய் லோடு ஏற்றப் போன இடத்தில் லாரி பின்னால் வந்து இடித்துப் போய்ச் சேர்ந்தார். அன்றையிலிருந்து வெள்ளைச் சேலை. அவர்கள் சனத்தில் அப்படி ஒரு வழக்கம், இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே மகள் யோகப்பிரியா கலர் சேலையாக எடுத்து வந்து சண்டை போட்டுப் பார்த்தாள். "எனக்கு இதே போதும் கண்ணு, துவைக்கறதுக்குச் சுளுவு" என்று ராசம்மாள் முடித்துவிட்டாள். சுளுவாவது ஒன்றாவது, வெறும் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான் தென்னந்தோப்பையும் காப்பாற்றினாள், மகளையும் எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தாள்.

தோப்பை ஒட்டி ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளம் என்றால் அங்கே ஓடை. அதன் குறுக்கே ஒரு தடுப்பணை, அணையின் ஓரத்தில் இரும்பு ஷட்டர். ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் ஊர்க் குளத்துக்குப் போகும், குளம் நிறைந்தால் சுற்றிலும் கிணறுகள் ஊறும். மலை மறைப்பதால் மழை எட்டாத புன்செய்க் காடு அது, குளம் இல்லாவிட்டால் ஒரு மரம் மிஞ்சாது. ஷட்டரை இறக்கிவிட்டால் தண்ணீர் பள்ளத்தோடவே கீழே போய்விடும்.

இந்த லட்சணத்தில்தான் பூபதிராஜா வந்து சேர்ந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கெடுபிடி ஜாஸ்தியானதும், இந்தப் பக்கம் பள்ளத்துக்கு மேல்கரையில் கிடந்த பழைய கோழிப்பண்ணையை வளைத்துப்போட்டு, பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறை ஆரம்பித்தார். பட்டறையில் அன்றைக்கு என்ன கலரோ, பள்ளத்திலும் அன்றைக்கு அதே கலர். ஒரு நாள் செவப்பு, ஒரு நாள் கத்தரிப்பூ. கேட்டால் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மிணி, பைப்பு லீக்காயிருச்சுங்க, நாளைக்கே சரி பண்ணிப்போடறனுங்க" என்பார். அத்தனை மரியாதையாகப் பேசுகிறவனை எப்படித்தான் திட்டுவது?

ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சமர சமிதி வைத்தார்கள். மலையாளத்தில் போராட்டக் குழுவுக்கு அப்படித்தான் பேர், அங்கே தமிழ்க்காரர்களும் அப்படியே சொல்லிக்கொள்வார்கள். ராசம்மாளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், உறவுமுறையில் தம்பியாகிற அர்த்தநாரி அதற்குத் தலைவர். முறை வைத்துக்கொண்டு ஆம்பிளைகள் பள்ளத்தைக் காவல் காப்பது என்று முடிவாயிற்று. காத்தார்கள், காத்தார்கள், கள்ளுக்கடை திறக்கிற வரைக்கும் காத்தார்கள். அதற்கு மேல் பள்ளம் தன்பாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் ராசம்மாள் ஒரு வேலை செய்தாள். லேசான சாயம் ஓடுகிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துணியில் ஏறும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் பழைய சேலை ஒன்றில் முந்தானையைக் கிழித்து, ஒரு குச்சியில் கட்டி, அணைக்கு மேலே தண்ணீருக்குள் நட்டுவிட்டாள். மறுநாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது பார்த்தால் துணியில் வெளிறிய மஞ்சள். நேராக அர்த்தநாரி வீட்டுக்குப் போய் அந்த ஈரத்துணியைக் கட்டிலின் மேல் போட்டாள். "தண்ணி சுத்தமா ஓடுதுன்னு சொன்னீங்களே தம்பி, இதென்னது?" என்றாள். அன்றைக்கே ஷட்டர் இறங்கிற்று.

அதற்கப்புறம் காவல் முழுக்க அவளுடையதாகிவிட்டது. துணி வெள்ளையாக இருந்தால் திற, கறை பிடித்தால் மூடு. ராசம்மாள் சொன்னால் சொன்னதுதான். மழை பெய்கிற சாக்கில் பட்டறைக்காரர்கள் தொட்டியைத் திறந்துவிட்ட ஒரு நாள், புல்லறுக்கிற அரிவாளோடு போய்ப் பைப்பின் வாயிலேயே நின்றுகொண்டாள். முழங்கால் வரைக்கும் நீலம் ஏறிப்போய், போகவே ரொம்ப நாளாயிற்று. கூட்டங்களில் அவளுக்கு முதல் நாற்காலி. கீழே இருக்கிற ஊர்க்காரன் அந்தக் கலர்த் தண்ணீரை என்ன செய்தான் என்று இவர்களில் ஒருத்தரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஷட்டரை இறக்கினால் தீர்ந்தது பாடு.

இதற்கிடையில் யோகப்பிரியா கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? இதே சாயத்தண்ணீரைப் பற்றித்தான். அம்மா முழங்காலில் நீலத்தோடு வந்து நின்றது அவள் மனசை விட்டுப் போகவில்லை. மாந்தோப்புகளில் கவாத்துப் பண்ணின இலையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். ராசம்மாள் நெல் வேகவைக்கிற அண்டாவை இறக்கிக் கொடுத்தாள். மாவிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தக் கசாயத்தில் ஏதோ இரும்பு மருந்தைக் கலந்தால் அப்படியே கன்னங்கரேலென்று மாறும். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியான இரும்புத் துகளாம், நானோ என்று பேராம். "மாவிலைல தோரணங் கட்டுவாங்க, இவ என்னமோ கசாயம் வெச்சுட்டிருக்கறா" என்று பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தவள் வாயை மூடுகிற மாதிரி ஒரு நாள் வந்தது. யோகப்பிரியா பள்ளத்திலிருந்து ஒரு குடம் செவப்புத் தண்ணீர் மொண்டு வந்து, வாசலில் வைத்து, அந்தக் கறுப்புக் கசாயத்தை ஊற்றிக் கலக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அடியில் சேறு மாதிரி என்னவோ போய் உட்கார உட்கார, மேலே இருந்த செவப்பு வெளுத்து, வடிகட்டினால் கிணற்றுத் தண்ணீர் கணக்காகத் தெளிந்துவிட்டது. ராசம்மாள் தன் முந்தானையை அதில் நனைத்துப் பிழிந்து பார்த்தாள். வெள்ளை. அத்தனை வருஷத்தில் அவளுக்கு நல்லதாக ஒன்று நடந்ததே அதுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, பூபதிராஜாவும் உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் என்ன? தொட்டி கட்டினார், இலை கொதிக்க அடுப்புப் போட்டார், யோகப்பிரியா சொன்னபடி ஆளை வைத்துக் கலக்கச் செய்தார். நாள்கணக்காக, வாரக்கணக்காகத் துணி வெள்ளையாகவே இருந்தது. ஷட்டரைத் திறக்கலாமா என்று பேசச் சமிதி கூட்டத்துக்கு நாள் குறித்தது. அந்த நேரம் பார்த்து யோகப்பிரியாவுக்குத் தைவானில் மேல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, விசா வேலையாகச் சென்னைக்குப் போய், அங்கிருந்தே பிளேன் ஏறவேண்டி வந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்புகிறபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, ஒண்ணு மறந்துராத. என்ற மருந்துல நெறந்தான் போகுது. சாயம் துணில புடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்புப் போடறாங்க, அந்த உப்பு தண்ணில அப்பிடியே நிக்குது. அதை எடுக்கறதுக்கு வேற மெஷின் வெக்கோணும். பூபதிராஜாகிட்டச் சொல்லியிருக்கறேன், வாங்கறேன்னாரு. அது வர்ற வரைக்கும் ஷட்டரத் தொறக்க வேண்டாம்னு கூட்டத்துல நீ சொல்லிப்போடு."

"செரி கண்ணு, சொல்றேன். நீ பார்த்துப் போ."

உப்பு என்றதும் ராசம்மாளுக்கு மனசு லேசாகிவிட்டது. என்னவோ விஷம் கிஷம் என்று சொல்லப்போகிறாள் என்று பயந்திருந்தாள். இது வெறும் உப்பு. அந்த ஊரில் தென்னங்கன்று வைக்கிற குழியில் கல்லுப்பு போடாமல் எவனும் கன்று வைத்ததில்லை. மழை நின்றதும் மரத்தைச் சுற்றி வட்டம் பறித்து உப்பும் சாம்பலும் கொட்டுவார்கள். உப்புப் போட்டால்தான் குரும்பை நிற்கும், காய் திரளும் என்று கந்தப்பன் போட்டார், இவளும் போடுகிறாள். எல்லார் தோட்டத்துச் சாளைக் கொட்டகையிலும் ஒரு மூட்டை உப்பு இருக்கும். கடல் ஓரத்தில் தென்னை இல்லையா, அது உப்பைக் குடித்துக்கொண்டு காய்க்கவில்லையா? தண்ணீரிலேயே உப்பு கலந்து வருகிறது என்றால் மூட்டை தூக்குகிற வேலை மிச்சம் என்று நினைத்தாள். படித்த பிள்ளைக்குக் காட்டு வேலை எங்கே தெரியும்?

அதோடு இன்னொன்றும் இருந்தது. "உப்புப் போகல" என்று கூட்டத்தில் சொன்னால் பூவாத்தாள் என்ன சொல்வாள்? பாதிதான் சுத்தமாச்சு, இதுக்குத்தானா இத்தனை கசாயம் என்பாள். மகளின் பெயரை ஊர் வாயில் போட்டு மெல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

கூட்டம் பால் சொசைட்டிக் கட்டடத்தில் நடந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் அர்த்தநாரி கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார்.

"ஏனுங்கக்கா, நீங்க சொல்லுங்க. தினமும் பாக்கறவங்க நீங்கதான். நீங்க தொறக்கலாம்னாத் தொறந்தர்லாம்."

ராசம்மாள் எழுந்து நின்றாள். "துணி வெள்ளையாத்தான் இருக்குதுங்க தம்பி. தொறங்க" என்றாள். உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதல் வருஷம் என்னமாய் இருந்தது தெரியுமா? சித்திரையில் குளம் தளும்பியது. கோடையில் அத்தனை தண்ணீரை அந்த ஊர் பார்த்ததே கிடையாது. பூபதிராஜா ரோட்டோரம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார், அதில் யோகப்பிரியாவின் படம், கீழே 'நமது மண்ணின் விஞ்ஞானி' என்று எழுத்து. அந்த வழியாகப் பால் ஊற்றப் போகும்போதெல்லாம் ராசம்மாள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். தைவானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "உப்பு மெஷின் வெச்சுட்டாங்களாம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். "அதெல்லாம் பார்த்துக்கறாங்க கண்ணு, நீ நல்லா சாப்புடறயா?" என்று ராசம்மாள் பேச்சை மாற்றினாள். மகளும் மெஷின் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அம்மா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

மறு வருஷம் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. ஓலை நுனி கருகியது. சிலந்திப் பூச்சி என்று மருந்தடித்தார்கள். வேர்வாடல் என்று வேரில் மருந்து கட்டினார்கள். மண் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, அதைக் கண்டும் காணாத மாதிரி நடந்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் பைப்புத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் மரத்துக்கு மட்டும் என்று ஆகி எத்தனையோ காலமாயிற்று. அதனால் ஒருத்தரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. தண்ணீர்தான் கண்ணாடி கணக்காக இருக்கிறதே, அதன் மேல் எவனுக்குச் சந்தேகம் வரும்? அர்த்தநாரியின் பசுமாடு தாழியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு நகர்ந்தது. அந்த மாட்டுக்கு இருந்த புத்தி ஊரில் ஒருத்தருக்கும் இல்லாமல் போயிற்று.

அர்த்தநாரி தோப்பில் மரங்கள் கொண்டை சாய்ந்த பிறகுதான் கிருஷி பவனிலிருந்து ஆர்த்தி என்று ஒரு வேளாண்மை அலுவலர் வந்தார். கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்துவிட்டு, பால் சொசைட்டியில் எல்லாரையும் உட்கார வைத்து, மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்.

"வெள்ளத்தில, தண்ணியில, உப்பு வளரெக் கூடுதலா இருக்கு. இனி இந்தத் தண்ணி மரத்துக்கு ஆகாது."

"தென்னைக்கு உப்பு நல்லதுதானுங்களே" என்றார் அர்த்தநாரி. எல்லாருக்கும் அதே நினைப்புத்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீங்க போடறது கொஞ்சம் உப்பு. மழை பெய்தா கழுவிட்டுப் போகும். கடல் ஓரத்துல மணல், அங்கயும் நிக்காது. இது தினமும் வர்ற உப்பு, உங்க கரிமண்ணு அதை விடாது, இறுகிப் போகும். தண்ணி இருந்தும் வேரால குடிக்க முடியாது. சாயத் தண்ணியில உப்பு இருக்கும்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா? அதைச் சுத்தம் பண்ணினவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் புட்டிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் அங்கேயே நின்றது.

பூவாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ அந்தப் புள்ளைக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம உட்டிருக்கறா."

"பட்டறைக்காரன் சும்மாவா ஃப்ளெக்ஸ் வெச்சான்? பிளேன்ல ஏத்தி உட்டதே அவனாத்தான் இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தன் தோப்பு பட்டுப்போனதற்குக்கூட ராசம்மாளுக்கு அப்படி வயிறு எரியவில்லை. ராப்பகலாக அந்த அண்டாவின் முன்னால் நின்று புகையில் கண் சிவந்த பிள்ளை. பூபதிராஜாவிடம் ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காத பிள்ளை. அவள் பெயரை நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசுகிறார்கள். ராசம்மாள் எழுந்தாள்.

"எம்புள்ளை சொல்லுச்சுங்க. உப்புப் போகாது, மெஷின் வர்ற வரைக்குந் தொறக்க வேண்டாம்னு கூட்டத்துல சொல்லச் சொல்லுச்சு. நாந்தான் சொல்லல. தென்னைக்கு உப்பு நல்லதுதானேன்னு நெனச்சுட்டேன். தப்பு என்ற மேலதான். அவள ஒண்ணும் பேசாதீங்க."

பூவாத்தாள் மெதுவாகச் சிரித்தாள்.

"பெத்தவ வேறெப்பிடிச் சொல்லுவா?"

"சத்தியமாச் சொல்றேன். கோயில்ல கற்பூரம் ஏத்துங்க, நான் அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"அக்கா, போதும், உக்காருங்க" என்றார் அர்த்தநாரி. அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "ஒரு சொட்டுக் கறை பார்த்தாலே அரிவாளத் தூக்கிட்டு வர்றவங்க நீங்க. இத்தனை பெரிய சங்கதிய மறைச்சு வெச்சீங்கன்னு சொன்னா ஆரு நம்புவாங்க? புள்ளைக்காகப் பேசறீங்க, செரி. பொய்ச் சத்தியமெல்லாம் எதுக்குங்க?"

துணி வெள்ளை என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஊரே ஷட்டரைத் தூக்கிற்று. இந்தக் கூட்டத்தில் அவள் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்ன உண்மையை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் நம்பவில்லை. அவள் எத்தனை நேர்மையாக இருந்தாளோ, அந்த நேர்மையே அவளுக்கு எதிராக நின்றது. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல?

எல்லாருமாகப் பட்டறைக்குப் போனார்கள். பூபதிராஜா கையைக் கூப்பினார். "தண்ணிய வெள்ளையா உடறேன்னுதானுங்க நான் சொன்னேன். உப்பப் பத்தி எங்கிட்ட ஊர்ல ஆரும் கேக்கலீங்களே. மெஷின் வெல சாஸ்திங்க, பார்த்துட்டிருக்கறனுங்க" என்றார். அவருக்கு ஒரு முடி அசையவில்லை. ஷட்டரை இறக்கினார்கள். இறக்கி என்ன, உப்பு கிணற்றுக்குள் ஏறிவிட்டது. ரெண்டு மூணு நல்ல மழைக்காலம் வந்தால் கழுவலாம் என்று ஆர்த்தி சொல்லியிருந்தார், அந்தக் காட்டில் நல்ல மழைக்காலம் எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை. ராசம்மாள் தோப்பில் மரம் அறுக்க ஆள் வந்து நின்றபோது, எது எது என்று அவர்கள் கேட்டார்கள். அவள் பொதுவாகக் கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஊரில் யாரோ ஒரு புண்ணியவான், பூவாத்தாள் பேசினதையும் பின்னால் இருந்தவன் பேசினதையும் போனில் பிடித்துத் தைவானுக்கு அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை யோகப்பிரியா. அன்றைக்கு மத்தியானமே கூப்பிட்டாள்.

"அம்மா, நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேன். நீ கூட்டத்துல சொன்னேதான? சொல்லியும் தொறந்தாங்கன்னா நான் சும்மா உட மாட்டேன். அர்த்தநாரி மாமா உட்பட ஒருத்தரையும் உட மாட்டேன். எம்மேல பழி போடறதுக்கு அவங்களுக்கு என்ன தைரியம். நீ சொன்னேதானம்மா?"

சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் தன் பக்கம் நிற்பாள், ஊர்தான் கெட்டது என்று ஆகிவிடும். எப்படியும் ஊர் இவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது, கூட ஒரு பொய் என்ன குறைந்துவிடப்போகிறது? ராசம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். தோப்பில் மரம் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அர்த்தநாரி முகம் நினைப்பில் வந்தது. அந்த மனுஷன் தன் ஒரு சொல்லை நம்பித் தோப்பை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மேலேயே பழியைத் திருப்ப அவளால் முடியவில்லை.

"சொல்லல கண்ணு."

"என்னது?"

"நீ சொன்னத நான் கூட்டத்துல சொல்லல. தென்னைக்கு உப்பு நல்லதுன்னு நெனச்சேன். உன்னையக் கொறச்சலாப் பேசுவாங்களோன்னு வேற…"

லைன் கட்டாகிவிட்டதோ என்று ராசம்மாள் போனை எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை.

"உன்னைய நம்பித்தானம்மா போனேன்" என்றாள் யோகப்பிரியா. அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஊரில் ஒருத்தரும் நம்பாததை அவள் ஒருத்தி உடனே நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவதில்லை. ராசம்மாள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.